உறுப்பினர்களுக்கே சொந்தமான ஒரு சமையற்கூடம்: இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் நகரங்களில் இயங்கிவரும் தமிழ்ச் சங்கங்களிடம் ஒரு கோரிக்கை வைப்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். நான் நன்கொடை கேட்கவில்லை. வேலை வாங்கித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. உணவுத் தொழில் செய்ய விரும்புகிறவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துச் சமைக்கக்கூடிய, உள்ளூர் மக்கள் பங்கு போட்டு உடைமையாக்கிக்கொள்ளும் ஒரு பொதுச் சமையற்கூடத்தை, இந்நாட்டுச் சட்டம் ஏற்கும் சங்க வடிவில் தொடங்குவதற்கு நீங்கள் முன்னின்று அழைப்பு விடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளராக இருந்தவன் நான். பயிர்க்கடன், நகைக்கடன், உர விற்பனை, நியாயவிலைக் கடை எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்திலிருந்து கவனித்து, ஆண்டுதோறும் தணிக்கைக்காரருக்குப் பதில் சொல்லிப் பழகியவன். என் மனைவி செவிலியர். இங்கே அரசு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு கவென்ட்ரிக்கு வந்தோம். இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணியில் இருக்கிறேன். சம்பளம் நாள் தவறாமல் வருகிறது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பெட்டிகளை ஸ்கேன் செய்து அடுக்குவதுதான் ஓய்வு பெறும்வரை என் தொழிலா என்ற கேள்வி ஒவ்வொரு வாரமும் எழுகிறது. இதே கேள்வியோடு இருப்பவர்கள் உங்கள் பொங்கல் விழாப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பவர்களிலேயே கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் வேலை விசாவில் வந்தவரின் கணவரோ மனைவியோ ஆவர்.

இந்தக் குடும்பங்களின் நிலையைச் சற்று விளக்க வேண்டும். வேலை விசா பெற்று வந்தவர் தன்னை வரவழைத்த நிறுவனத்தை விட்டு எளிதில் நகர முடியாது; தனியாகத் தொழில் தொடங்கவும் அவருக்குக் கட்டுப்பாடு உண்டு. துணைவருக்கோ அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் நடத்தலாம். தொழில்முறை விளையாட்டு வீரராக மட்டும் ஆகக் கூடாதாம். என் வயதில் அந்தத் தடை என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, குடும்பத்தில் தொழிலை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் இருப்பது துணைவருக்குத்தான். ஆனால் அரசின் பெரும்பாலான உதவித்தொகைகளைப் பெறக் கூடாது என்ற நிபந்தனை இருவரையும் கட்டுப்படுத்துகிறது. தொழில் நொடித்தால் தாங்கிப் பிடிக்க ஏதுமில்லை. செவிலியர் குடும்பங்களுக்கு விலக்கு இருந்தாலும், மென்பொருள் போன்ற துறைகளில் வந்தவர்கள் மருத்துவக் கட்டணமாகப் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் வீதம், விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிட்டு வருகிறார்கள். சேமிப்பு அங்கேயே கரைந்துவிடுகிறது. தொழில் செய்ய அனுமதி இருக்கிறது, துணிவதற்கு முதலில்லை என்பதுதான் இவர்களின் நிலை.

இப்படிப்பட்டவர்கள் உங்களிடம் யோசனை கேட்டு வந்தால் கிடைக்கும் பதில்களை நான் அறிவேன். வாடகைக்கார் ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம், முதியோர் இல்லத்தில் சேரலாம், ஏஏடி என்ற கணக்கியல் தகுதிப் பாடத்தைப் படித்துக் கணக்கர் ஆகலாம், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ஒரு கடையைக் குத்தகைக்குப் பிடிக்கலாம். எல்லாமே நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவை. ஏஏடி பாடத்தை நானே படித்துக்கொண்டிருக்கிறேன். கடை பிடிக்கும் யோசனையைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பெட்ரோல் நிலையத்தில் இரவுக் காசாளராகத் தொடங்கி, சொந்தக் கடை என்று வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். அவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் கடை பிடித்த காலத்து வாடகையும் போட்டியும் இன்று இல்லை. கூரை ஒழுகினாலும் வாடகைக்காரரே பழுது பார்க்க வேண்டும் என்று எழுதப்படும் நீண்டகாலக் குத்தகையில், கணவனும் மனைவியும் சொந்த ஜாமீன் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் கடையை மூடிய பிறகும் வாடகை கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை யாரும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதில்லை. அதனால் அவர்களின் கதை புதிதாக வருபவருக்குத் தெரிவதில்லை.

இதற்கிடையில், சத்தமில்லாமல் நம் வீடுகளில் ஒரு தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிக்கிழமை மாலையானால் இட்லி மாவு, கொழுக்கட்டை, பருப்புப் பொடி, மீன் குழம்பு என்று விற்பனைச் செய்திகள் வரிசையாக வருகின்றன. சமைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பட்டதாரிகள் பலர். தொழிலாகப் பார்த்தால் இதற்கு வாடிக்கையாளர் தயார், கைப்பக்குவம் தயார், கடனும் தேவைப்படவில்லை. சட்டப்படி நிற்பதற்கான ஓர் இடம்தான் இல்லை.

உணவு விற்கத் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இலவசம், மறுக்கவும் மாட்டார்கள். அதன் பிறகு சுகாதார அலுவலர் வந்து பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். வீட்டுச் சமையலறையில் இருந்தே 5 வாங்கியவர்கள் உண்டு. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், பெரும்பாலும் கிடைக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் கிரைண்டரை ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு இரவு முழுக்க வைத்தால் ஒரு குடும்பத்துக்குக் காணும், நாற்பது டப்பாவுக்குக் காணாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் இத்தொழிலைச் செய்யவே கூடாது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்குச் சுயதொழில் முற்றிலும் தடை. பிடிபட்டால் படிப்பே போய்விடும். இதை உங்கள் அடுத்த செய்திமடலில் ஒரு வரியாகப் போட்டால்கூட ஓரிருவருக்கு உதவும்.

ஒவ்வாமை விதிகள் தனிக் கதை. உணவில் இருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பொருள்கள் என்று இந்நாட்டுச் சட்டம் பதினான்கைப் பட்டியலிடுகிறது. 2021 அக்டோபர் முதல், விற்கும் இடத்திலேயே முன்கூட்டிப் பொட்டலமிட்டு வைக்கும் உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியல் ஒட்ட வேண்டும். அந்தப் பதினான்கில் கடுகு இருக்கிறது, எள் இருக்கிறது. அதாவது தாளித்த எதுவும், நல்லெண்ணெய் ஊற்றிய எதுவும் அதற்குள் வந்துவிடும். நம்மவர்களுக்குச் சட்டென்று தோன்றாத ஒன்று பெருங்காயம். கடையில் நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். எனவே அரிசிச் சோற்றுக்கு ஊற்றும் சாம்பாரைக் கோதுமை அறவே இல்லாதது என்று சொல்லி விற்க முடியாது. ஒரு வீட்டில் தனியாகச் சமைப்பவருக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? பத்துப் பேர் ஒரே கூடத்தில் சமைத்தால், சுவரில் ஒட்டிய ஓர் அட்டவணையும் விதிகளை அறிந்த ஒரு பொறுப்பாளரும் போதும். இட்லி மாவோ, அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு என்று அந்தப் பதினான்கில் ஒன்றுகூட இல்லாதது. பேக்கரிகளில் ரொட்டி மாவை உப்ப வைக்கும் வெப்ப அலமாரி ஒன்று இருந்தால் ஜனவரியிலும் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். சமையற்கூடத்தின் முதல் சரக்காக அதையே வைக்கலாம் என்பது என் எண்ணம். மூடி இறுக்கமாக இல்லாத டப்பாவாகத் தேர்ந்தெடுப்பது மட்டும் முக்கியம்.

இதை ஏன் ஒரு தனியார் முதலாளி செய்யக் கூடாது என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம், பெரிய நகரங்களில் மணிக்கணக்கு வாடகைச் சமையற்கூடங்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றின் வாடகை, உணவகச் செயலிகள் வழியாக நாள் முழுவதும் விற்பவர்களைக் கருதி நிர்ணயிக்கப்பட்டது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் சமைக்கும் ஒருவருக்குக் கட்டுபடியாகாது. அவருக்கு ஏற்ற விலையில் இடம் தருவதில் லாபம் மிகக் குறைவு. லாபம் குறைவாகவும் பயன் மிகுதியாகவும் இருக்கும் இத்தகைய இடங்களில்தான் இந்நாட்டு மக்கள் தாங்களே சேர்ந்து உடைமையாளர்கள் ஆகியிருக்கிறார்கள்.

கிராமத்தின் கடைசிக் கடை மூடப்படும்போது ஊரார் பங்கு போட்டு அதை வாங்கி நடத்துவது இங்கே புதுமை அல்ல. பிரிட்டனில் இப்படி ஊருக்குச் சொந்தமான கடைகள் 400-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் சம்பளம் வாங்கும் மேலாளர் ஒருவரும், முறை வைத்து வந்துபோகும் தன்னார்வலர்களும் இருப்பார்கள். ஷ்ராப்ஷயரில் ஃபோர்ட்ஹால் பண்ணையைக் குத்தகைக்கு உழுதுவந்த குடும்பத்தின் மகளும் மகனும் நிலம் கைவிட்டுப் போகும் நிலையில், ஒரு பங்கு 50 பவுண்ட் என்று மக்களிடம் கேட்டார்கள். 2006-இல் சுமார் 8,000 பேர் பங்கு வாங்கினார்கள். ஏறத்தாழ 8 லட்சம் பவுண்ட் சேர்ந்து பண்ணை சமூக உடைமையானது. லிவர்பூல் ஆன்ஃபீல்டில், கால்பந்து மைதானத்துக்கு அருகே மூடிக்கிடந்த ஒரு பழைய ரொட்டிக்கடையை அப்பகுதி மக்களே கூட்டுறவாகத் திறந்து, ஆட்ட நாட்களில் ‘பை’ (pie) என்ற, உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பண்டத்தை விற்று நடத்துகிறார்கள். பிரைட்டனில் பெவன்டீன் குடியிருப்பு மக்கள், மூடப்பட்ட மதுக்கடையை 2014-இல் பங்குதாரர்களாகச் சேர்ந்து மீண்டும் திறந்தார்கள். மதுக்கடை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அங்கே முதியோருக்கு மதிய உணவும் கிடைக்கிறது.

நமக்கும் இது அந்நியமான கருத்தல்ல. 1890களில் சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களைப் படித்துவர அனுப்பியது. அவர் கொடுத்த நீண்ட அறிக்கை, ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய ரைஃபைசன் போன்ற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்ற பொருளில் முடிகிறது. 1904-இல் திருவள்ளூருக்கு அருகே திரூரில் கடன் சங்கம் பதிவானது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பின்னாளில் காமதேனு என்ற பெயரில் சென்னைவாசிகள் மளிகை வாங்கிய கடைகள் அந்தச் சங்கத்துடையவைதான். அதன் முன்மாதிரி, 1844 டிசம்பரில் ராச்டேல் நகரத்தில் 28 பேர் சேர்ந்து, 28 பவுண்ட் முதலில், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸும் மெழுகுவர்த்தியும் விற்கத் தொடங்கிய கடை. அது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் உறுப்பினர்களில் பலர் அரை நாளில் போய் வந்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் மூளாய்க் கிராமத்தார் 1930களில் ஒரு மருத்துவமனையையே கூட்டுறவாகக் கட்டி நடத்தினார்கள் என்பதை ஈழத்து நண்பர்கள் எனக்கு நினைவூட்டினார்கள். மருத்துவமனை நடத்திய மக்களுக்கு மாவரைக்கும் கூடம் பெரிய காரியமல்ல.

சட்ட வடிவத்துக்கு வருகிறேன். 2014-ஆம் ஆண்டின் கூட்டுறவு மற்றும் சமூக நலச் சங்கங்கள் சட்டத்தின்படி மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதில் இரண்டு வகைகள் உண்டு. கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களின் நலனுக்காக நடப்பது. உபரியை உறுப்பினர்கள் செய்த வணிகத்துக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம். சமூக நலச் சங்கம் ஊர் நலனுக்காக நடப்பது. உபரியைப் பகிர முடியாது, திரும்பவும் பணியிலேயே போட வேண்டும். விரும்பினால், சொத்துகளை எக்காலத்திலும் தனிநபர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாதபடி சட்டப்பூர்வமான பூட்டும் போட்டுக்கொள்ளலாம். நான் சமூக நலச் சங்கத்தையே பரிந்துரைப்பேன். பங்கு போடப்போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே சமைக்கப்போவதில்லை. லாபப் பங்கு என்ற பேச்சு எழுந்தால், முதல் பேரவைக் கூட்டத்திலேயே சமையற்கூடம் பின்னுக்குப் போய் ஈவுத்தொகை முன்னுக்கு வந்துவிடும். ஊரில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வகையிலும் ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். பங்கின் மதிப்பு ஏறாது. மிதமான வட்டி தரலாம். வேண்டும்போது, சங்கத்தின் நிதிநிலை இடம் கொடுத்தால், அறிவிப்புக் கொடுத்து முகமதிப்பைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெறத்தக்க இத்தகைய பங்கில் தனிநபர் ஒருவர் போடக்கூடிய உச்சம் ஒரு லட்சம் பவுண்ட். நமக்கு அந்த உச்சம் தேவைப்படாது, நம் விதிகளில் 2,000 பவுண்ட் என்று நாமே எல்லை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு செய்தியை முதல் அழைப்பிதழிலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும்: சங்கம் நொடித்தால் பங்குப்பணம் முழுவதும் போகலாம், வங்கி வைப்புத் தொகைக்கு இருப்பதைப் போன்ற இழப்பீட்டுப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. நம்மவர்களில் சீட்டுப் பிடித்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் கணக்கு, சீட்டு நடத்துகிறவரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். இங்கே ஆண்டறிக்கையை நிதியாண்டு முடிந்து ஏழு மாதத்துக்குள், சங்கங்களைப் பதிவு செய்யும் நிதி ஒழுங்கு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இந்த வேறுபாட்டை விளக்காமல் யாரிடமும் ஒரு பவுண்ட்கூட வாங்கக் கூடாது.

பணக்கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் உற்சாகமான திட்டங்கள் பல கவிழ்கின்றன. 400 பேர் சராசரியாக 150 பவுண்ட் போட்டால் 60,000 பவுண்ட் சேரும். முன்பணம், புகைபோக்கி, குளிரறை, இரண்டு பெரிய கிரைண்டர், எஃகு மேசைகள் ஆகியவற்றுக்கு அது ஏறக்குறையச் சரியாகலாம் என்பது என் உத்தேசம். இடத்தைப் பொறுத்து மாறும். அதன் பிறகுதான் சிக்கல். 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்த குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிட்டால், வாரம் 40 மணி நேரம் பார்க்கும் ஒரே ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் ஆகிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்தக் கூலி உயரும். மணிக்கு 15 பவுண்ட் வாடகைக்குக் கூடத்தை விட்டால், அந்தச் சம்பளத்துக்கு மட்டுமே வாரம் 33 மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும். இட வாடகை, மின்சாரம், காப்பீடு எல்லாம் அதற்கு மேல். எனவே முதல் ஆண்டில் அரை நேரப் பொறுப்பாளர் ஒருவரே இருக்கலாம். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் எடுத்துக்கொள்வதாக எழுத்தில் உறுதி தரும் பத்துச் சமையல்காரர்களாவது கையில் இல்லாமல் குத்தகையில் கையெழுத்திடக் கூடாது. பத்துப் பேர் கிடைக்கவில்லை என்றால் திட்டத்தைக் கைவிட்டுவிடுவதுதான் நாணயம். அரசு மானியத்தை நம்பியும் இறங்கக் கூடாது. சமூக உடைமைக்கென்று 2021-இல் 150 மில்லியன் பவுண்டில் தொடங்கப்பட்ட நிதி 2024 இறுதியில் மூடப்பட்டுவிட்டது.

நான் பணிபுரிந்த துறையின் குறைகளையும் நீங்கள் அறிவீர்கள், அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் கவரிங் நகைக்குக் கடன் கொடுத்ததும், தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களின் கீழ் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்ததும், ஒரே குடும்பத்தார் மாறி மாறித் தலைவராவதும் செய்தித்தாளில் வந்தவைதான். முறைகேடு என்றால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் விசாரணை, 87-இல் தண்டத்தீர்வை, அதாவது இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிப்பது என்று அங்கே பதிவாளரின் கை நீளமாக இருந்தது. இங்கே பதிவு செய்யும் ஆணையம் அப்படி வீடு தேடி வராது. அரசு பங்கு முதலும் போடாது, தலையிடவும் செய்யாது. அது சுதந்திரம்தான்; ஆனால் உறுப்பினர்களே கண்காணிக்காவிட்டால் வேறு யாரும் கண்காணிக்க மாட்டார்கள். ஆகவே விதிகளிலேயே சிலவற்றை எழுதிவிட வேண்டும். இயக்குநர் எவரும் தொடர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது. சிறிய சங்கங்கள் முழுத் தணிக்கையைத் தீர்மானம் போட்டுத் தவிர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தாலும், முதல் மூன்று ஆண்டுகளுக்கு வெளியார் ஒருவர் கணக்கைச் சரிபார்த்தே தீர வேண்டும். காசோலையில் கையெழுத்திடும் இருவர் உறவினராக இருக்கக் கூடாது.

உங்கள் தயக்கங்களை என்னால் ஊகிக்க முடிகிறது. உங்களில் பல சங்கங்கள் அறக்கட்டளைகளாகப் பதிவு பெற்றவை. அறப்பணிக்கான பணத்தை நினைத்தபடி வணிகத்தில் போட முடியாது, போடவும் கூடாது. நான் அதைக் கேட்கவில்லை. சமையற்கூடச் சங்கம் முற்றிலும் தனியான அமைப்பாக, தனி வங்கிக் கணக்கோடு, உங்கள் சங்கத்துக்கு எந்தக் கடப்பாடும் வராதபடி இருக்க வேண்டும். அதே காரணத்தால்தான், தமிழ்ச் சங்கத் தலைவர் பதவி வழியாகச் சமையற்கூடத்துக்கும் தலைவர் ஆகும் ஏற்பாடு கூடாது என்று பணிவோடு சொல்கிறேன். பணத்தால் சங்கம் இரண்டாக உடையும் என்ற அச்சம் நியாயமானது. ஏற்கெனவே பணமே இல்லாமல் எத்தனை முறை உடைந்திருக்கிறது என்பதையும் நாம் அறிவோம்.

உணவகமும் மளிகைக் கடையும் நடத்தும் உங்கள் புரவலர்கள் இதைப் போட்டியாகக் கருதலாம். ஆண்டு மலரின் பின்னட்டை விளம்பரம் அவர்களுடையது என்பதால் இந்தத் தயக்கம் பேசப்படாமலே பெரிதாக இருக்கும். அவர்களை முதல் வாடிக்கையாளர்களாகப் பார்க்கலாம் என்பது என் வாதம். மதிப்பெண்ணும் சேர்மானப் பட்டியலும் உள்ள பொட்டலத்தை அவர்கள் தங்கள் கடையில் வைத்து விற்க முடியும். வாட்ஸ்அப்பில் வரும் மீன் குழம்பை விற்க முடியாது. திருமணப் பந்தி எடுக்கும் உணவகத்தாருக்கு வார இறுதியில் கூடுதல் அடுப்பும் தேவைப்படுகிறது. அவர்களிடம் நேரில் பேச நான் தயாராக இருக்கிறேன்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உறுப்பினர் பட்டியலை என்னிடமோ வேறு எவரிடமோ கொடுக்க வேண்டாம், தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்காது. அழைப்பை நீங்களே அனுப்புங்கள். உங்கள் பெயரில் வரும் அழைப்புக்கும், கிடங்கில் வேலை பார்க்கும் முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் அழைப்புக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தத் திட்டத்தின் உயிர். எங்களிடம் கைத்தொழில் இருக்கிறது. இந்த ஊரில் எங்களை நம்பலாம் என்று சொல்ல ஆள் இல்லை. உங்களிடம் இருபது, முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கை இருக்கிறது. சொந்த மண்டபமும் அதற்குச் சமையலறையும் உள்ள சங்கங்கள், ஒரு வார நாளில் நான்கு மணி நேரம், நியாயமான வாடகைக்கு, மூன்று மாதச் சோதனையாக அதை எங்களுக்கு விடுங்கள். பத்துச் சமையல்காரர்கள் தேறுவார்களா இல்லையா என்பது பங்கு ஒன்றுகூட விற்காமல் அதிலேயே தெரிந்துவிடும். மண்டபம் இல்லாத ஊர்களில், மூடப்படும் நிலையில் உள்ள கட்டடங்கள் மீது கண் வைத்திருங்கள். 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி உள்ளூர்வாசிகள் 21 பேர் விண்ணப்பித்து ஒரு கட்டடத்தைச் சமூகப் பயனுள்ள சொத்தாகப் பட்டியலிடச் செய்யலாம். உரிமையாளர் அதை விற்க முனையும்போது, வாங்கும் முயற்சிக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். நமக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

என் சொந்த நலனையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கவென்ட்ரியில் இப்படி ஒரு சங்கம் அமைந்தால், அதன் அரை நேரப் பொறுப்பாளர் வேலைக்கு நான் விண்ணப்பிப்பேன். கிடங்கை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அதனால் நான் இயக்குநர் குழுவில் இருக்க மாட்டேன், தேர்வு செய்யும் கூட்டத்திலும் இருக்க மாட்டேன். என்னைவிடத் தகுதியானவர் வந்தால் அவரையே நியமிக்க வேண்டும். அதுவரையில் மாதிரி விதிகளைத் தமிழில் விளக்குவது, வரவு செலவு மதிப்பீடு தயாரிப்பது, உள்ளாட்சிப் பதிவுக்கு உதவுவது ஆகியவற்றை எந்த ஊர்ச் சங்கத்துக்கும் ஊதியமின்றிச் செய்து தருகிறேன். இரவுப் பணி என்பதால் மதியம் இரண்டு மணிக்கு மேல் என்னுடன் பேசலாம்.

செயற்குழுவில் இதை விவாதித்து, ஏற்பதாக இருந்தாலும் மறுப்பதாக இருந்தாலும் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுப்புக்கான காரணங்கள் தெரிந்தால் அடுத்த ஊரில் திட்டத்தைத் திருத்தி முன்வைக்க உதவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர்,
கவென்ட்ரி